நடுவழியில் கார் மாறிய பந்தய வீரர்கள்!

சீனாவின் தலைநகரம் பெய்ஜிங். 2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ந் தேதி.

ஒலிம்பிக் மைதானத்தைச் சுற்றிப் போகும் தெருக்களில் இரு பக்கமும் வேலி போட்டிருந்தார்கள். கார் பந்தயம்! 10 குழுக்கள். 20 வீரர்கள்.

"புறப்படலாம்" என்று விளக்குக் காட்டியதும் கார்கள் பாய்ந்தன. ஆனால் காதைப் பிளக்கும் சத்தம் கேட்கவில்லை. புகை இல்லை. பெட்ரோல் வாடை இல்லை. யாரோ விசில் ஊதுவது போல 'வீ...ங்' என்று ஒரு ஓசை. அவ்வளவுதான்.

அத்தனையும் மின்சாரக் கார்கள்! 'பார்முலா-ஈ' என்ற பெயரில் நடந்த முதல் பந்தயம் அதுதான்.

கடைசிச் சுற்று வந்தது. கடைசி வளைவும் வந்துவிட்டது. முன்னால் போனவர் நிக்கோலா பிராஸ்ட். 4 முறை உலகப் பட்டம் வென்ற அலெய்ன் பிராஸ்டின் மகன். அவர் காரை ஒட்டினாற் போல ஜெர்மனி வீரர் நிக் ஹைட்பெல்ட் வந்தார். வளைவில் ஹைட்பெல்ட் உள்பக்கமாக நுழைந்தார். அதே நேரத்தில் பிராஸ்டும் அந்தப் பக்கமே காரைத் திருப்பினார்.

டமார்!

ஹைட்பெல்டின் கார் ஓரத்துத் திட்டில் ஏறி ஆகாயத்தில் பறந்தது. வேலியில் இடித்துத் தலைகீழாக விழுந்தது.

பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. காருக்குள் இருப்பது ராட்சத பாட்டரி. தீப்பிடித்தால் என்ன ஆவது?

தீப்பிடிக்கவில்லை. கவிழ்ந்த காருக்குள்ளிருந்து ஹைட்பெல்ட் தானாகவே வெளியே வந்தார். வந்தவர் கோபத்தோடு பிராஸ்டை நோக்கிப் போனார்!

மூன்றாவதாக வந்துகொண்டிருந்த பிரேசில் வீரர் லூகாஸ் டி கிராசிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. முதல் பரிசு அவருக்கு. இந்தியாவின் மகிந்திரா குழுவுக்காக ஓட்டிய சென்னை வீரர் கருண் சந்தோக் 5-வதாக வந்தார்.

எல்லோருக்கும் ஒரே கார்!

அந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம் உண்டு. 20 வீரர்களுக்கும் ஒரே மாதிரிக் கார். "அவன் கார் உசத்தி, அதனால் ஜெயித்தான்" என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பணக்காரக் குழு, ஏழைக் குழு என்ற பேச்சும் இல்லை.

2011-ம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் நகரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பந்தயத்துக்குத் திட்டம் போட்டார்கள். உலக மோட்டார் சங்கத்தின் தலைவராக இருந்த ழான் டோட் ஒருவர். ஸ்பெயின் நாட்டு வியாபாரி அலெகாண்ட்ரோ அகாக் மற்றவர். பேசியதை எழுதக் கையில் நோட்டு இல்லை. கை துடைக்கிற காகிதத்திலேயே எழுதினார்கள்!

காரைத் தயாரித்தது பிரான்சு நாட்டின் ஸ்பார்க் கம்பெனி. உடம்பைச் செய்து கொடுத்தது இத்தாலியின் டல்லாரா. மோட்டார், இங்கிலாந்தின் மெக்லாரன் கம்பெனியுடையது. பாட்டரி, அதே நாட்டு வில்லியம்ஸ் கம்பெனியுடையது. டயர், பிரான்சின் மிச்செலின். இத்தனை பேர் கூடிச் செய்த சமையல் அது!

28 யூனிட் போதுமா?

வீட்டுக்கு மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு 'யூனிட்' என்றால் தெரியும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டால் ஒரு யூனிட் ஓடும்.

முதல் தலைமுறைக் காரின் பாட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய மின்சாரம் 28 யூனிட். அதாவது, அந்த இஸ்திரிப் பெட்டி 28 மணி நேரம் சூடாக இருக்கும். வீட்டுக்கு அது பெரிய விஷயம். பந்தயக் காருக்கு அது யானைப் பசிக்குச் சோளப் பொரி!

பந்தயத்தின்போது அந்தக் காருக்குச் சுமார் 200 குதிரைச் சக்தி கொடுத்தார்கள். யார் முன்வரிசையில் நிற்பது என்று பார்க்கும் தேர்வு ஓட்டத்தில் மட்டும் 270 குதிரைச் சக்தி. அதிக வேகம் மணிக்கு 225 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பாதிப் பந்தயம் ஓடுவதற்குள் பாட்டரி காலியாகிவிடும். சார்ஜ் ஏற்றலாம் என்று காத்திருந்தால் பந்தயமே முடிந்துவிடும்.

என்ன செய்வது?

ஆளுக்கு இரண்டு கார் கொடுத்துவிட்டார்கள்!

பாதிப் பந்தயம் ஆனதும் வீரர் காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். வாரை அவிழ்ப்பார். ஒரே தாவல். பக்கத்தில் தயாராக நிற்கும் இன்னொரு காருக்குள் குதிப்பார். ஆட்கள் வாரை இறுக்கிக் கட்டுவார்கள். மறுபடியும் பறப்பார். அந்தக் காலத்தில் தபால் கொண்டுபோனவர்கள் களைத்த குதிரையை விட்டுவிட்டு வேறு குதிரை மாறுவார்களே, அதே கதைதான்.

இதைப் பார்த்துச் சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள். "பாதி வழியில் நிற்கிற காருக்குப் பந்தயம் ஒரு கேடா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மின்சாரக் காரை மக்களிடம் புகழ வந்தவர்கள், அதன் குறையை ஊரைக் கூட்டிக் காட்டியது போல ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் வைத்திருந்தார்கள். ரசிகர்கள் ஓட்டுப் போடலாம்! அதிக ஓட்டு வாங்கிய 3 வீரர்களுக்குச் சில விநாடிகள் கூடுதல் சக்தி கிடைக்கும். பந்தயத்தில் ஜெயிக்கவும் ஓட்டுக் கேட்கவேண்டுமா என்று வீரர்களே முணுமுணுத்தார்கள். அந்த வழக்கம் இரண்டு தலைமுறை வரை நீடித்தது. மூன்றாவது தலைமுறைக் கார் வந்தபோது அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது கார் காப்பாற்றிய பட்டம்!

சிரித்தவர்கள் வாயடைத்துப்போன நாள் ஒன்று வந்தது.

2016-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி. லண்டன் நகரின் பாட்டர்சீ பூங்கா. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். சுவிட்சர்லாந்து வீரர் செபாஸ்டியன் பியூமி 153 புள்ளி. டி கிராசியும் 153 புள்ளி! யார் முந்துகிறாரோ அவருக்கே பட்டம்.

பியூமி முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். சில விநாடிகள்தான். பின்னாலிருந்து டி கிராசியின் கார் வந்து இடித்தது. இரண்டு கார்களும் நொறுங்கின.

வேறு எந்தப் பந்தயமாக இருந்தாலும் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கேதான் ஆளுக்கு இரண்டு கார் ஆயிற்றே! உடைந்த காரை எப்படியோ உருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். அடுத்த காரில் ஏறினார்கள்.

பந்தயத்தில் ஜெயிக்க இனி வழியில்லை. ஆனால் எல்லோரையும் விட வேகமாக ஒரே ஒரு சுற்று ஓட்டியவருக்கு 2 புள்ளி உண்டு. அந்த 2 புள்ளியில்தான் பட்டம்! மற்றவர்கள் ஒரு பந்தயம் ஓட, இவர்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக வேறொரு பந்தயம் ஓடினார்கள். பொறுத்திருந்து, சாலை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, முழு மூச்சில் ஒரு சுற்று. மறுபடியும் பொறுத்திருந்து ஒரு சுற்று.

வேகமான சுற்று பியூமியுடையது. 155-க்கு 153. பட்டம் அவருக்கே!

உடம்பு ஒன்று, இதயம் வேறு

முதல் ஆண்டு முழுவதும் கார்கள் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். உடம்பு, பாட்டரி, டயர் எல்லோருக்கும் பொது. மோட்டாரையும் கியர் பெட்டியையும் மட்டும் அவரவர் இஷ்டப்படி செய்துகொள்ளலாம்.

முதல் காரில் 5 கியர் இருந்தது. மின்சார மோட்டாருக்கு அத்தனை கியர் எதற்கு? பெட்ரோல் என்ஜின் ஓரளவு சுழன்ற பிறகுதான் பலம் காட்டும். மின்சார மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். மிக்சியில் பொத்தானைத் திருப்பியதும் 'கிர்' என்று சுற்றுகிறதே, அது போல. ஆகவே ஒருவர் கியரைக் குறைத்தார். இன்னொருவர் இரண்டு மோட்டார் வைத்துப் பார்த்தார். போகப் போக ஒரே கியர் போதும் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இறக்கை இல்லாத கார்

2018-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி. சவூதி அரேபியாவில் திரியா என்ற பழைய ஊர். அங்கே இரண்டாம் தலைமுறைக் கார் களத்தில் இறங்கியது.

பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள். பந்தயக் கார் என்றால் பின்னால் பலகை மாதிரி ஒரு இறக்கை இருக்கும். இதில் காணோம்! முன் சக்கரங்களுக்கு மேல் மூடி. மொத்தத்தில் சினிமாவில் வரும் ஆகாயக் கப்பல் மாதிரி இருந்தது.

ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு வளையம். இதற்கு 'ஹேலோ' என்று பெயர். டைட்டானியம் உலோகத்தால் செய்தது. கார் கவிழ்ந்தாலும், பறந்து வரும் சக்கரம் மோதினாலும், தலையைக் காப்பது இதுதான். பெய்ஜிங்கில் தலைகீழாக விழுந்த ஹைட்பெல்டின் காரில் இது கிடையாது. அவர் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம்.

முக்கியமான மாறுதல் உள்ளே இருந்தது. புதிய பாட்டரி 54 யூனிட்! பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் காரின் எடை பெரிதாகக் கூடவில்லை. ஓட்டுநரையும் சேர்த்து 900 கிலோதான். நான்கே ஆண்டுகளில் பாட்டரி செய்கிறவர்கள் அவ்வளவு தூரம் முன்னேறியிருந்தார்கள்.

இனிக் கார் மாறவேண்டாம். தாவிக் குதிக்கவேண்டாம். 45 நிமிடமும் அதற்கு மேல் ஒரு சுற்றும் ஒரே காரில்! அன்று போர்ச்சுகல் வீரர் அன்டோனியோ பெலிக்ஸ் ட கோஸ்டா ஏறிய காரிலேயே ஓடி முடித்து, முதல் பரிசு வாங்கிக்கொண்டு இறங்கினார். வேகமும் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போகும் என்றார்கள்.

கார் மாற்றும் கூத்து போய்விட்டதே, சுவாரசியத்துக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாலையில் ஓரிடத்தில், வழக்கமாக யாரும் போகாத ஓரத்தில், கோடு போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓட்டிச் சென்றால் சில நிமிடங்களுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். தலைக்கு மேல் வளையத்தில் நீல விளக்கு எரியும். ஆனால் அந்த ஓரத்துக்குப் போய் வருவதற்குள் இரண்டொருவர் முந்திவிடுவார்கள். கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு வாங்கும் வியாபாரம்!

பாட்டரி இருந்தும் ஓடாத கார்கள்

பாட்டரி பெரிதாகிவிட்டதால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை.

2021-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி. ஸ்பெயின் நாட்டின் வாலன்சியா. மழை கொட்டியது. கார்கள் சறுக்கி மோதிக்கொண்டன. ஒவ்வொரு முறையும் பாதுகாப்புக் கார் முன்னால் வர, பந்தயக் கார்கள் அதன் பின்னால் மெதுவாக ஊர்ந்தன.

அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஊர்ந்து போகும்போது மின்சாரம் மிச்சமாகும் அல்லவா? அந்த மிச்சத்தை வீரர்கள் அனுபவிக்கக் கூடாது. ஆகவே ஊர்ந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு யூனிட் வீதம் கணக்கில் கழித்துவிடுவார்கள்.

அன்று கழித்தார்கள், கழித்தார்கள், கழித்துக்கொண்டே இருந்தார்கள்!

முன்னால் போனவர் அதே ட கோஸ்டா. கடிகாரத்தில் இன்னும் சில விநாடிகள் பாக்கி இருக்கும்போதே அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். சில விநாடி தாமதித்துத் தாண்டியிருந்தால், இன்னும் ஒரே சுற்றோடு பந்தயம் முடிந்திருக்கும். முன்னதாகத் தாண்டியதால் கூட ஒரு சுற்று ஓடவேண்டியதாயிற்று. அந்த ஒரு சுற்றுக்கு மின்சாரம் எங்கே?

ஒவ்வொரு காராக நின்றது. பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமான கார்கள் மாட்டு வண்டி போல நகர்ந்தன. பாட்டரியில் மின்சாரம் இருந்தது. ஆனால் அதைத் தொடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தொட்டவர்கள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ட கோஸ்டா பின்னுக்குப் போனார். சிக்கனமாக ஓட்டிய ஹாலந்து வீரர் நைக் டி விரீஸ் எல்லோரையும் தாண்டிப் போய் ஜெயித்தார்.

உலகமே பார்த்துச் சிரித்தது. தவறு காரில் இல்லை, சட்டத்தில்தான் இருந்தது. அடுத்த ஆண்டே அதை மாற்றினார்கள். ஊர்ந்து போன நேரத்துக்கு ஈடாகப் பந்தய நேரத்தைக் கூட்டிவிட்டார்கள்.

டைனமோ ரகசியம்

மூன்றாவது தலைமுறைக் கார், 2023-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி மெக்சிகோ நகரில் ஓடியது. அன்று ஜெயித்தவர் இங்கிலாந்து வீரர் ஜேக் டென்னிஸ்.

இந்தக் காரின் அதிக பலம் 470 குதிரைச் சக்தி. வேகம் மணிக்கு 322 கிலோமீட்டர் வரை என்று கணக்கு. தெருவில் போட்ட பந்தயப் பாதையில் அந்த வேகத்தை எட்ட இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம். நீளம், அகலம், எடை எல்லாம் முந்திய காரை விடக் குறைவு. எடை, ஓட்டுநரோடு சேர்த்து 840 கிலோ. ஓய்வு பெற்ற இரண்டாம் தலைமுறைக் கார்களின் உடம்பை எடுத்து, அதிலிருந்த கார்பன் நாரையும் இதில் சேர்த்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், காரின் பலம் கூடியது, பாட்டரி கூடவில்லை! முந்திய காரின் பாட்டரியை விட இது சற்றுச் சிறியதே. பிறகு எப்படி ஓடியது?

சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்ததும் விளக்கு எரியும். ஆனால் மிதிப்பது கனமாகிவிடும். காரணம், சக்கரத்தின் ஓட்டம் மின்சாரமாக மாறுகிறது. மின்சார மோட்டாரும் அப்படித்தான். மின்சாரம் கொடுத்தால் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் அதைச் சுற்றினால், மின்சாரம் கொடுக்கும். வண்டியின் வேகமும் குறையும்.

பழைய கார்களில் பின் சக்கரத்தில் மட்டும் இந்த வித்தை நடந்தது. புதிய காரில் முன் சக்கரத்துக்கும் ஒரு மோட்டார் வைத்தார்கள். அதற்கு அப்போது காரை இழுக்கும் வேலை கிடையாது. வேகம் குறையும்போது மின்சாரம் சேர்க்கும் வேலை மட்டும்தான். இதனால் திரும்பப் பெறும் சக்தி இரண்டாம் தலைமுறையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் 100-க்கு 40 பங்கு இப்படி வழியிலேயே சம்பாதித்தது!

அந்த நம்பிக்கையில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பின் சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கையே எடுத்துவிட்டார்கள்! மோட்டாரே வண்டியை நிறுத்திவிடும் என்றார்கள்.

மின்சாரக் கோளாறு வந்தால்? ஓட்டிப் பார்க்கும்போதே அந்தப் பயம் வந்துவிட்டது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று அந்த முதல் ஆண்டிலேயே அவசர பிரேக் ஒன்றைச் சேர்த்தார்கள். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம்.

ஐதராபாத்துக்கு வந்த கார்

அதே 2023-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி இந்தக் கார்கள் இந்தியாவுக்கு வந்தன. ஐதராபாத் நகரில் உசேன் சாகர் ஏரிக்கரையில் பந்தயம் நடந்தது.

பிரான்சு வீரர் ஜீன் எரிக் வெர்ன் முன்னால் போனார். அவரை விரட்டி வந்தவர் நியூசிலாந்தின் நிக் கேசிடி. கேசிடியின் பாட்டரியில் மின்சாரம் அதிகம் மிச்சம் இருந்தது. வெர்னிடம் குறைவு. வழி விடாமல் குறுக்கே குறுக்கே வந்து, கடைசிச் சொட்டு வரை அளந்து செலவழித்து, ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வெர்ன் ஜெயித்தார்.

மறு ஆண்டும் அங்கே பந்தயம் நடக்கவேண்டும். ஆனால் அது ரத்தாகிவிட்டது.

மூன்றாம் தலைமுறைக் காரால் இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. முன்னால் போக யாருக்கும் மனமில்லை! முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். பின்னால் வருகிறவருக்கு மின்சாரம் மிச்சம். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் விடும் பையன்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். (அவர்களை அடிக்கத்தான் வேண்டும்!) "நீ போ, நீ போ" என்று உபசாரம் செய்துகொண்டே ஓட்டிவிட்டுக் கடைசியில் பாய்வார்கள்.

கடைசி இடத்திலிருந்து முதல் இடம்!

2024-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரம். மூன்றாம் தலைமுறைக் காரையே செப்பனிட்டுப் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். அதுவரை மின்சாரம் சேர்க்க மட்டும் இருந்த முன் மோட்டாருக்கு இப்போது இழுக்கும் வேலையும் கொடுத்தார்கள். ஆனால் எப்போதும் அல்ல. புறப்படும்போதும், கூடுதல் சக்தி எடுக்கும்போதும், தேர்வு ஓட்டத்தின் நேர்மோதலிலும் மட்டும்தான் நான்கு சக்கரமும் இழுக்கும்.

பலன்? நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 1.82 விநாடி போதும் என்று அறிவித்தார்கள். 'ஒன்று, இரண்டு' என்று சொல்லி முடிப்பதற்குள் கார் அந்த வேகத்தில் போகும்!

அன்று நியூசிலாந்து வீரர் மிட்ச் எவன்ஸ் கடைசி ஆளாக, 22-வது இடத்திலிருந்து புறப்பட்டார். முதல் ஆளாக வந்து சேர்ந்தார். ஜெர்மனி வீரர் பாஸ்கல் வெர்லைனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. தலைக்கு மேல் வளையம் இருந்தது. அவர் எழுந்து நடந்து போனார்.

30 விநாடி

2025-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் வீரர்கள் மறுபடியும் பந்தயத்தின் நடுவே கொட்டகைக்கு வந்தார்கள். கார் மாறுவதற்கு அல்ல, சார்ஜ் ஏற்றுவதற்கு!

கார் வந்து நிற்கும். ஆள் ஓடிவந்து கனத்த வயரைச் செருகுவார். 30 விநாடி. அதற்குள் 3.85 யூனிட் மின்சாரம் உள்ளே போய்விடும். வயரைப் பிடுங்குவார்கள். கார் பறக்கும். 'செய்கிறோம், செய்கிறோம்' என்று மூன்றாம் தலைமுறைக் கார் வந்தபோதே சொன்ன காரியம் இது. இரண்டு ஆண்டு தாமதமாக நடந்தது.

யார் எப்போது உள்ளே வருவது என்று ஒவ்வொரு குழுவும் ஒரு கணக்குப் போட்டது. இங்கிலாந்து வீரர் ஆலிவர் ரோலண்ட் வெற்றி தனக்குத்தான் என்று வந்துகொண்டிருந்தார். கடைசி வளைவில் ஜெர்மனி வீரர் மேக்சிமிலியன் குந்தர் அவரை முந்திவிட்டார்!

நான்காம் தலைமுறைக் காரை 2025-ம் ஆண்டு நவம்பரில் வெளியே காட்டினார்கள். 2026-27 பருவப் பந்தயங்களுக்கென்று செய்த கார் அது. அதிக பலம் சுமார் 800 குதிரைச் சக்தி. பெய்ஜிங் பந்தயத்தில் ஓடிய காரைப் போல நான்கு மடங்கு. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும்.